கணக்கைத் திருடியவன் எழுதினால் அடி யாருக்கு விழும்?

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததை இந்தக் கரையோரத்தில் எவரும் மறந்திருக்க முடியாது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் எழுதிய ஒற்றை வரி (அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பது அதன் பொருள்) மிரட்டலாக வாசிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. ஊரடங்குச் சட்டம் பிறந்தது. மறுநாள் வன்செயல் பரவியபோது, இதே மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் தச்சுத் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார்.

அந்த வரியை எழுதியவர் கணக்கின் உரிமையாளரேதான். இன்னொருவன் அக்கணக்கில் புகுந்து எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே என் கேள்வி. கல்லுடன் வந்து நிற்கும் கூட்டத்திடம், "என் கணக்கு திருடப்பட்டுவிட்டது" என்று ஒருவர் எப்படி நிரூபிப்பார்?

இது வெறும் கற்பனையன்று. 2018 செப்டெம்பரில் பேஸ்புக் ஒரு பாரிய ஊடுருவலை ஒப்புக்கொண்டது. நமது பக்கம் பிறர் கண்ணுக்கு எவ்வாறு தெரியும் என்று பார்ப்பதற்கான வசதியில் இருந்த ஓட்டை அது. ஓராண்டுக்கு மேல் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. ஒருமுறை உள்நுழைந்தவரிடம் மீண்டும் மீண்டும் கடவுச்சொல் கேட்காதிருப்பதற்காக வழங்கப்படும் மின்னணு அனுமதிச்சீட்டுகளை அவ்வழியே திருடினார்கள். கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. பாதிப்பு 5 கோடி கணக்குகள் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் ஏறத்தாழ 3 கோடி என்றார்கள். 2020 ஜூலையில் டுவிட்டர் ஊழியர்களைத் தொலைபேசியில் ஏமாற்றியவர்கள், ஒபாமாவின் பெயரிலும் பைடனின் பெயரிலும் பிட்கொயின் கேட்டு எழுதினார்கள். 2024 டிசம்பர் இறுதியில் நமது பொலிஸ் திணைக்களத்தின் சமூக ஊடகக் கணக்குகளே பறிபோயின. அப்படியிருக்க, கற்பிட்டி மீனவரின் கணக்கைக் காப்பது யார்?

நம்மவரிடம் திருட இவ்வளவு நுட்பமும் வேண்டியதில்லை. தெரிந்தவரின் பெயரில் ஒரு செய்தி வரும்: "தவறுதலாக உங்கள் இலக்கத்துக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வந்திருக்கும், அனுப்பிவிடுங்கள்." அனுப்பினால் வட்ஸ்அப் கைமாறிவிடும். அடுத்து உறவினர்களிடம் அவசரமாகப் பணம் கேட்பார்கள். வென்னப்புவையில் வீட்டுக்கொருவர் இத்தாலியில் என்பார்கள். அத்தகைய ஊர்களில் இக்கேள்விக்கு மறுபேச்சில்லாமல் பணம் போய்விடும். பொலிஸில் முறைப்பாடாகப் பதிவாவதும் பெரும்பாலும் இந்தப் பண இழப்புத்தான். திருடியவன் பணம் கேட்காமல் மதத்தை இழிவுபடுத்தி நான்கு வரி எழுதினால் என்னாகும் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

அரசின் வழக்கமான மருந்து தளங்களை முடக்குவது. 2019 மேயிலும் அதையே செய்தார்கள். "அதை எழுதியது நானல்ல" என்று சொல்ல விரும்புகிறவரின் வாயையும் அதே பூட்டு அடைத்துவிடும் என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. கணக்கில் அத்துமீறி நுழைவதைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, பொய்யான கூற்றுகளைத் தண்டிப்பதில் காட்டும் ஆர்வத்தைக் கணக்குகளைக் காப்பதில் காட்டவில்லை என்பது என் கருத்து. (ஆள்வோருக்கு எப்போதும் பேச்சின் மீதுதான் கண்!)

வேண்டியது வேறு. கணக்குப் பறிபோனதாகத் தமிழிலோ சிங்களத்திலோ அறிவித்த ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனம் அதை உறையவைக்க வேண்டும். சிலாபத்திலும் புத்தளத்திலும் பொலிஸ் நிலையங்களில் அம்முறைப்பாட்டை உடனே ஏற்று, நேரம் குறித்து எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர ஓர் அதிகாரி இருக்க வேண்டும். கூட்டம் திரளும் இரவில், பள்ளிவாசல் நிர்வாகமும் விகாராதிபதியும் பங்குத்தந்தையும் ஊராரிடம் எடுத்துக் காட்டக்கூடியது அந்த ஒரு காகிதந்தான்.