பிப்ரவரி 31

2019-இல் கோவையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். கடன் தவணையை ஞாபகப்படுத்தி எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராம் ஒன்றை ஜனவரியில் ஓட விட்டோம். ஜனவரி 31-ஆம் தேதி கட்ட வேண்டியவர்களுக்கு ‘உங்கள் தவணை நாள் மார்ச் 3’ என்று செய்தி போனது. அவர்கள் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். கடன் கொடுத்தவர் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டார். அதை எழுதிய பையனை நான் காய்ச்சி எடுத்தேன். சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. “அக்கா, ஜனவரி 31-ன்னுதான் குடுத்திருக்கேன், பாருங்க” என்று திரையைக் காட்டினான். நியூ டேட்(2019, 1, 31).

யார் படித்தாலும் ஜனவரி 31 என்றுதான் படிப்பார்கள். ஆனால் ஜாவாஸ்கிரிப்டில் தேதி 1-லிருந்து தொடங்கும். மாதம் மட்டும் 0-விலிருந்து. ஜனவரி 0, பிப்ரவரி 1. பையன் தெரியாமல் கேட்டது பிப்ரவரி 31. அப்படி ஒரு நாள் கிடையாது என்று அது முரண்டு பிடித்திருந்தால்கூட அன்றைக்கே தெரிந்திருக்கும். 28-க்கு மேல் மிஞ்சிய மூன்று நாளை மார்ச் கணக்கில் தள்ளி, மார்ச் 3 என்று கமுக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டது.

திட்டி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்து இதே மாதிரி திட்டு வாங்கியிருக்கிறேன். என்னைத் திட்டியவரும் செய்தவர்தான். ஒரே படியில் வருகிறவர்களெல்லாம் தடுக்கி விழுந்தால் கொத்தனாரைத்தானே கூப்பிட வேண்டும்?

அந்தப் படிக்கு எங்கள் தொழிலில் ஏபிஐ என்று பெயர். ஒரு புரோகிராம் இன்னொன்றிடம் வேலை சொல்லும் முறை அது. என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது, எதை எந்த வரிசையில் கொடுப்பது, முடியாவிட்டால் என்ன பதில் வரும் என்பதெல்லாம் அதில் அடக்கம். எங்கள் நாளில் பாதிக்கு மேல் பிறர் கட்டிய படிகளில் ஏறி இறங்குவதிலேயே போகிறது.

இந்த மாதக் கணக்குக்கு ஒரு வம்ச வரலாறே உண்டு. சி மொழியில் மாதம் 0-விலிருந்து 11 வரை. ஜாவா அதை அப்படியே எடுத்துக்கொண்டது. 1995-இல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். ஜாவா மாதிரியே தெரிய வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தேதியும் ஜாவாவிலிருந்தே வந்து சேர்ந்தது. ஜாவாக்காரர்கள் 1997-லேயே அந்தப் பழைய தேதியில் பெரும்பகுதியை ஓரங்கட்டிவிட்டு ‘காலண்டர்’ என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதிலும் ஜனவரி 0! 2014-இல் வந்த ஜாவா 8-இல்தான் ஜனவரி 1 ஆனது. ஜாவாஸ்கிரிப்டில் ‘டெம்போரல்’ என்ற புதிய தேதி முறை இப்போதுதான் உலாவிகளில் தலைகாட்டுகிறது. அதனிடம் இதே மாதிரி ‘நியூ’ போட்டு பிப்ரவரி 31 கேட்டால் முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிடும். எனக்கு அந்த மரியாதை போதும்.

‘ஆவணத்தைப் படித்திருக்கலாமே’ என்று மூத்தவர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பிஎச்பி மொழியில் வைக்கோற்போரில் ஊசி தேட இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு வைக்கோலை முதலில் கொடுக்க வேண்டும், இன்னொன்றுக்கு ஊசியை. (ஆவணத்திலேயே ஊசி, வைக்கோற்போர் என்றுதான் பெயர்.) பத்து வருடம் எழுதியவரும் ஒவ்வொரு முறையும் புத்தகத்தைப் புரட்டினால் அது அவருடைய சோம்பேறித்தனமா? சி-யில் ‘கெட்ஸ்’ என்று ஒன்று இருந்தது. வருகிற எழுத்துகளை வாங்கி வைக்கும். பாத்திரம் எவ்வளவு பெரியது என்று மட்டும் கேட்காது. எத்தனை கவனமாக எழுதினாலும் அதைப் பத்திரமாகப் பயன்படுத்த வழியே இல்லை. 1988-இல் இணையத்தையே திணறடித்த மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று. அதை மொழியிலிருந்து தூக்க 2011 ஆயிற்று.

உள்ளே இருக்கும் தப்பை ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்திவிடலாம். ஊரே ஏறி இறங்கும் படியில் கைவைக்க முடியாது. அதனால்தான் இப்போது எங்கள் குழுவில் உள்வேலையைத் தொடுவதற்கு முன், ‘இதைக் கூப்பிடுகிறவர் எழுதப்போகும் வரி எது?’ என்று அந்த ஒரு வரியை எழுதிக் காட்டச் சொல்கிறேன். ‘நேரவிரயம்’ என்று முணுமுணுக்கிறார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் எழுதிய வரி ஒன்று போன மாதம் எதிரே வந்து நின்றது. அனுப்பு(எண், செய்தி, ட்ரூ). புதிதாகச் சேர்ந்த பெண், “கடைசியில இந்த ட்ரூ எதுக்குங்கக்கா?” என்றாள். வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால், ராத்திரி 9 மணிக்கு மேலும் அனுப்பலாம் என்று அதற்கு அர்த்தமாம். உடனே மாற்றிவிடலாம் என்று தேடினேன். 41 இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் பாதி, வாடிக்கையாளர்களின் கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.