கல்லில் 'அயர்லாந்து' என்று மட்டும்

பாஸ்டன், நியூயார்க், மெல்பர்ன் ஆகிய நகரங்களின் பழைய கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் ஐரிஷ் மக்களின் கற்கள் மிகுதி. இறந்தவரின் பெயர், இறந்த நாள், வயது யாவும் அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். பிறந்த இடமோ பெரும்பாலும் 'அயர்லாந்து' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும். மிஞ்சினால் மாவட்டத்தின் பெயர் இருக்கும். மூன்று நான்கு தலைமுறை கழித்து, 'எம் முன்னோர் எந்த ஊரார்?' என்று தேடப் புறப்படும் பேரப்பிள்ளைகளுக்கு இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. அயர்லாந்தில் 'டவுன்லாண்ட்' எனப்படும் சிறு நிலப்பிரிவுகள் 60,000-க்கும் மேல் உள்ளன. அவற்றுள் ஒரே பெயர் பூண்டவை பல. ஊர் தெரியாமல் ஆளைக் காண்பது எங்ஙனம்?

அம்மக்கள் நாடு துறந்த வரலாறு வாசகர்கள் அறிந்ததே. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை ஒரு நோய் தாக்கியது. ஏழைகளுக்கு அக்கிழங்கே மூன்று வேளை உணவு. 1852-க்குள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். 1841-இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை, 1851-இல் 65 லட்சமாயிற்று. பஞ்சம் தீர்ந்த பின்பும் பயணம் தீரவில்லை. ஒருவர் புறப்படும் முந்தின இரவில் உற்றார் கூடி, பிணத்தருகே விழித்திருப்பது போல விடியும்வரை விழித்திருப்பர். அதற்கு 'அமெரிக்க இழவு' என்றே பெயர். உயிரோடு இருப்பவனுக்கு இழவா என்று நமக்குத் தோன்றலாம். போனவர் முகத்தை மீண்டும் காண்பது அரிது என்பதை அந்தத் தாய்மார் அறிந்திருந்தனர்.

1922 ஜூன் 30-ஆம் நாள், உள்நாட்டுப் போரின் நடுவே, டப்ளின் நகரின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள் கணக்கெடுப்புத் தாள்கள், சில துண்டுகள் நீங்கலாக, சாம்பலாயின. எனினும் நெருப்பை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. 1861, 1871 ஆண்டுகளின் தாள்களை அரசே முன்னர் அழித்துவிட்டது. 1881, 1891 ஆண்டுகளுக்குரியவை முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. முழுமையாக எஞ்சியவற்றுள் 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே முதலாவது. அதிலும் வயதை நம்புவதற்கில்லை. 1908-இல் எழுபது வயதானவர்க்கு ஓய்வூதியம் தரும் சட்டம் வந்தபின், 1901-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் பத்துக்கும் மேற்பட்ட வயது ஏறியவர்கள் அந்நாட்டில் பலர்!

ஆளுங்கோவின் ஏடுகள் எரிந்தபோது ஆண்டியின் ஏடுகள் பிழைத்தன. அரசாங்கச் சபையாக விளங்கிய ஆங்கிலிக்கன் சபையின் பங்கு ஏடுகளில் பல சட்டப்படி அக்காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தமையால் அவையும் அழிந்தன. கத்தோலிக்கரின் ஏடுகளையோ அரசு பொருட்படுத்தவில்லை. அவை கிராமத்துக் குருக்களின் இல்லங்களிலேயே கிடந்தன, கிடந்தமையால் தப்பின. பிறப்பு, இறப்பு யாவற்றையும் அரசு பதிவு செய்யத் தொடங்கியது 1864-இல்தான். அதற்கு முன் கப்பலேறிய ஓர் ஏழைக் குடியானவன் இவ்வுலகில் பிறந்தான் என்பதற்குப் பல வேளைகளில் அந்த ஞானஸ்நானப் பதிவு ஒன்றே சான்று.

அந்தப் பதிவு பெரிதன்று. ஒரு வரி, அல்லது இரண்டு. நாள், குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு, பின்னர் ஞானப்பெற்றோர் இருவர். குரு கருத்துள்ளவராயிருந்தால் ஊரும் இருக்கும். பல ஏடுகள் இலத்தீனில் உள்ளன. குருமடத்தில் நாம் கற்ற இலத்தீன் இதற்குத் தாராளமாகப் போதும். ஆனால் பெயர்களில் ஏமாறலாகாது. வீட்டில் ஜேம்ஸ் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் 'யாக்கோபுஸ்', நம்மவர் யாகப்பர் என்பது போல. வில்லியம் 'குலியெல்முஸ்' ஆவார். ஐரிஷ் மொழியில் டியார்முயித் என்றிருந்தவர் ஆங்கிலத்தில் ஜெரமையா ஆகி, இலத்தீனில் எரேமியாஸ் ஆகி, அமெரிக்காவில் ஜெரியாக வாழ்ந்திருப்பார். குடும்பப் பெயரின் முன்னுள்ள 'ஓ', 'மக்' என்பவை வழியிலேயே உதிர்ந்திருக்கலாம்.

குடும்பப் பெயரை விட ஞானப்பெற்றோரின் பெயர்களே சிறந்த வழிகாட்டி என்பது நம் கருத்து. ஞானப்பெற்றோராக நின்றவர்கள் பெரும்பாலும் உடன்பிறந்தாரும் அயலாருமே. அதே பெயர்கள் கடலுக்கு அப்பாலுள்ள ஒரு பங்கின் ஏட்டில் சேர்ந்து தோன்றுமாயின், ஓர் ஊரே இடம் பெயர்ந்து வந்திருக்கிறதென ஊகிக்கலாம். இன்னொரு துணையும் உண்டு. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரையும் இடுவது அவர்களிடையே பரவலான வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குபவனைப் 'பெயரன்' என்னும் தமிழருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

வறிய மேற்கு மாவட்டங்களில் பல பங்குகளின் ஏடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தொடங்குகின்றன. அப்போது 1847 முதல் 1864 வரை ரிச்சர்டு கிரிஃபித் நடத்திய நிலமதிப்பீட்டைப் புரட்ட வேண்டும்; வீட்டுக்குரியவரின் பெயர் ஊர்வாரியாக அதில் உண்டு. ஏறத்தாழ 1880 வரையிலான பங்கு ஏடுகளை அந்நாட்டுத் தேசிய நூலகம் நுண்படமாக்கி வைத்திருந்தது. அப்படங்களை எவரும் கட்டணமின்றி இணையத்தில் காணும் வசதி 2015 ஜூலையில் வந்தது.

ஏடுகளை விட நம் நெஞ்சை உருக்குவது ஒரு செய்தித்தாளின் பத்தி. பாஸ்டன் நகரின் 'பைலட்' என்னும் கத்தோலிக்க இதழ், 1831 முதல் 1921 வரை, காணாமற்போனோரைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டு வந்தது. கால்வாய் வெட்டவும் இருப்புப்பாதை அமைக்கவும் ஊர் ஊராய் அலைந்த கணவனை மனைவி தேடினாள். தம்பியை அண்ணன் தேடினான். பின்னால் வந்திறங்கிய தாய் துறைமுகத்தில் நின்று மகனைத் தேடினாள். ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே! ஆகவே பிறந்த ஊர், பங்கு, மாவட்டம், கப்பலேறிய ஆண்டு ஆகியவற்றை எழுதினார்கள். கல்லறைக் கல் சொல்லாமல் விட்ட ஊரின் பெயரை, அன்றொரு பெண் கண்ணீரோடு கொடுத்த விளம்பரம் இன்று சொல்கிறது. அவள் கணவன் கிடைத்தானா என்பது மட்டும் அதில் இராது.

தேடுவோர் தவறான ஆளிடம் போய்ச் சேருவதும் உண்டு. 1892 ஜனவரி முதல் நாள், நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது முதலில் பதிவானவள் கார்க் மாவட்டத்து ஆனி மூர் என்னும் பதினேழு வயதுப் பெண். தம்பியர் இருவரோடு வந்தவள். டெக்சாஸில் மாண்ட வேறோர் ஆனி மூரையே அவளென்று பல்லாண்டு கொண்டாடினர். 2006-இல் பதிவேடுகளை ஒப்புநோக்கிய பின்னரே, டெக்சாஸ் பெண் இலினாய்ஸில் பிறந்தவள் என்பது தெளிவாயிற்று. உண்மையான ஆனி, நியூயார்க்கின் நெருக்கமான ஏழைத் தெருக்களிலேயே மணம் புரிந்து, பிள்ளைகள் பலரைப் பெற்று, சிலரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்து, 1924-இல் இறந்தாள். குவீன்ஸ் பகுதியின் கல்வாரிக் கல்லறைத் தோட்டத்தில், இறந்த தன் பிள்ளைகள் சிலரோடு, பெயர் எழுதப்படாத குழியில் கிடந்தாள். 2008-இல் அங்கே அயர்லாந்துச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு சிலுவை நாட்டி, அவள் பெயரைப் பொறித்தார்கள்.