கூத்தாண்டவர் தாலியும் கோர்ட்டுத் தீர்ப்பும்

நமது கள்ளக்குறிச்சி ஜில்லா கூவாகத்தில் சித்திரைதோறும் திருநங்கைகள் கூத்தாண்டவர் என்னும் பொம்மைக்கு வாழ்க்கைப்பட்டு, மறுநாளே தாலியறுத்து அழுகிறார்கள். அதற்குக் கடைவீதி கூடுகிறது, போலீஸ் பந்தோபஸ்தும் போடப்படுகிறது. மெஜாரிட்டி எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. உயிருள்ள இரு பெண்களோ இரு ஆண்களோ ஒருவரையொருவர் ஒப்பி மணக்கிறோம் என்றால் மாத்திரம், பெரும்பான்மையோர் சம்மதம் உண்டா என்று வைதீகர்கள் துள்ளுகிறார்கள். 2023 அக்டோபர் 17-ல் சுப்ரீம் கோர்ட்டாரும் அது பார்லிமெண்டின் வேலை என்று கையை உதறிவிட்டார்கள்.

கோர்ட்டையே நம்பியிருங்கள் என்று நாம் சொல்லவில்லை. புரோகிதனில்லாத சுயமரியாதைக் கலியாணம் செல்லாது என்று 1953-ல் சொன்னது சென்னை ஐக்கோர்ட்டுதானே! 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டசபையில் சட்டம் செய்தபிறகல்லவா அது செல்லுபடியாயிற்று? ஆனால் ஓரினக் காதல் குற்றமல்லவென்று 2018-ல் சொன்னது கோர்ட்டே தவிர பார்லிமெண்டல்ல.

தோழர்களே! சட்டம் வருமுன் அப்படி மணந்த நம் பாட்டன் பாட்டிமார் ஊராரிடம் ஓட்டுக் கேட்டா மணந்தார்கள்? கேட்டிருந்தால் எந்தக் கிராமத்தில் ஜெயித்திருக்கும்? இன்று உயில் எழுதாமல் துணை செத்தால், கூட உழைத்துச் சேர்த்த வீடு, எட்டிப்பாராத பங்காளிக்குப் போகிறது. அதை எந்த மெஜாரிட்டி வந்து ஈடு செய்யும்?