லோகி தொடரும் காங் என்கிற வில்லனும் நம்ம பசங்களின் யூகங்களும்

பதிவு கொஞ்சம் நீளம். லோகி தொடரை இன்னும் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், ஏனென்றால் கதையை முடிவுவரை சொல்லப் போகிறேன். அப்புறம் "சார், கெடுத்துட்டீங்களே" என்று யாரும் வரக்கூடாது.

என்னைப் போலவே ஓய்வுபெற்ற ஆசிரியர் நண்பர் ஒருவர் தன் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: பாடத்தைப் படி என்றால் படிக்காத பிள்ளைகள், அமெரிக்கக்காரன் எடுத்த பொம்மைக் கதையில் வில்லன் யார் என்று ராத்திரி முழுக்க ஆராய்ச்சி செய்கிறார்கள், உருப்படுமா இந்தத் தலைமுறை? நிறைய பேர் லைக் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் பக்கத்திலேயே பதில் போட்டால் வீண் மனஸ்தாபம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது அலை. ஊரடங்கு. பள்ளிக்கூடம் கிடையாது, ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரைக்குமே செப்டம்பர் 1ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். அந்த ஜூன் 9ஆம் தேதி லோகி தொடங்கியது. வாரம் ஒரு பாகம், புதன்கிழமைதோறும், மொத்தம் 6 பாகம். ஹாட்ஸ்டாரில் தமிழ்க் குரலிலேயே வந்தது. எங்கள் நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டில் சந்தா கட்டினால் நாலு வீட்டில் ஓடும், அது வேறு விஷயம். புதன்கிழமை மத்தியானம் பார்த்துவிட்டு அடுத்த புதன்வரை பசங்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஓய்வில் இருக்கிற வரலாற்று வாத்தியார் என்பதால் காலம் சம்பந்தப்பட்ட எல்லா வழக்கும் என்னிடம் தீர்ப்புக்கு வரும். வேறு வழியில்லாமல் நானும் பார்க்க ஆரம்பித்தேன்.

கதை தெரியாமலும் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலத்தைக் காவல் காக்க டிவிஏ என்று ஓர் அலுவலகம். நடக்க வேண்டிய வரலாறு ஒன்றே ஒன்றுதான், அதற்குப் புனிதக் காலக்கோடு என்று பெயர். அதிலிருந்து யாராவது விலகி நடந்தால் அலுவலக ஆட்கள் வந்து பிடித்துப் போவார்கள், கிளைவிட்ட அந்தக் காலத்தையே கத்தரித்து விடுவார்கள். மூன்று காலக் காவலர்கள் இதை நடத்துவதாக எல்லோரும் நம்புகிறார்கள். நாலாவது பாகத்தில் பார்த்தால் மூன்றும் பொம்மை. அப்படியானால் ஆட்டுவிக்கிறவன் யார்?

இந்தக் கேள்விக்குப் பசங்கள் விடை தேடிய விதத்தைத்தான் நண்பர் கவனித்திருக்க வேண்டும். முதல் பாகத்தில் 1549ஆம் ஆண்டு பிரான்சில் ஒரு தேவாலயம் வரும். கொலை செய்தது யார் என்று கேட்டால், ஒரு சிறுவன் சன்னல் கண்ணாடியில் வரைந்த கொம்பு வைத்த சாத்தானைக் காட்டுவான். உடனே உலகம் முழுக்க ரசிகர்கள் "மெஃபிஸ்டோ" என்றார்கள், காமிக்ஸில் வரும் சாத்தான் அவன். அதே வருஷம் ஜனவரியில் தொடங்கிய வாண்டாவிஷன் தொடரிலும் மெஃபிஸ்டோ வருவான் என்று கடைசிவரை சொல்லிப் பார்த்து ஏமாந்தவர்கள். எங்கள் தெருவில் பத்தாவது முடித்த ஒரு பையன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், போன தபா அதையே சொல்லி நாமம் வாங்கினோம். கொம்பு யாருக்கு இருக்கு? லோகிக்கும்தான் கொம்பு இருக்கு" என்றான். அவன் சொன்னதுதான் சரி. அது லோகியின் இன்னொரு வடிவமான சில்வியைக் குறித்தது.

அதற்குப் பிறகு சாட்சியங்களைச் சேர்த்தார்கள். டிவிஏவின் நீதிபதி பெயர் ரவோனா ரென்ஸ்லேயர், காமிக்ஸில் அவள் காங் என்பவனின் காதலி. ஐந்தாவது பாகத்தில் புகையாக வந்து விழுங்குகிற அலியோத் என்ற மிருகம், அதுவும் காங் கதைகளில் வருவது. அதே பாகத்தில் இடிந்து கிடக்கும் ஒரு கோபுரத்தில் 'கெங்' என்று எழுதியிருக்கும். அதோடு, அடுத்த ஆண்ட்-மேன் படத்தில் காங் வேடத்துக்கு ஜொனாதன் மேஜர்ஸ் என்ற நடிகரை எடுத்திருக்கிறார்கள் என்று 2020லேயே செய்தி வந்துவிட்டது. நாலையும் கூட்டினால் என்ன வரும்? ஜூலை 14ஆம் தேதி கடைசிப் பாகத்தில் கோட்டைக் கதவு திறந்தது, ஆப்பிள் கடித்துக்கொண்டு அவனேதான் உட்கார்ந்திருந்தான். காங் என்ற பெயரை மட்டும் அவன் வாயால் சொல்லவில்லை.

தடயம் பார்ப்பது, முன்பு தவறிய யூகத்தை நினைவில் வைப்பது, அடுத்த வாரம் பொய்த்தால் வெட்கப்படாமல் கைவிடுவது. நான் வகுப்பில் மூலச் சான்று, துணைச் சான்று என்று கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்தது என்ற பொய்யை எத்தனை வருஷமாக நாம் வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்? அனுப்புகிறவர்களில் பாதிப்பேர் படித்த, பென்ஷன் வாங்குகிற ஆட்கள். அவர்கள் பசங்களிடம் பாடம் கேட்கலாம்.

ஆனால் எனக்கும் பசங்களுக்கும் சண்டை வந்தது அந்தக் கடைசிப் பாகத்தில்தான். வில்லன் யார் என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில், அவன் சொன்னதை யாரும் சரியாகக் கேட்கவில்லை.

அவன் பெயர் எஞ்சி நிற்பவன் என்று வைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் சொல்வேன். 31ஆம் நூற்றாண்டின் விஞ்ஞானி. ஒவ்வொரு கிளைக் காலத்திலும் அவனைப் போலவே ஒருவன். அவர்களுக்குள் பெரும் போர் மூண்டது. அதை அடக்கி, மற்ற கிளைகளையெல்லாம் அழித்து, ஒரே காலக்கோட்டை வைத்திருப்பதாகச் சொல்கிறான். என்னைக் கொன்றால் என்னைவிட மோசமானவர்கள் ஆயிரம் பேர் வருவார்கள், வேண்டாமென்றால் என் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள் என்கிறான். சில்வி அவனைக் கொன்றுவிடுகிறாள். அன்றைக்குச் சாயங்காலம் பசங்கள் எல்லோரும் சில்வியைத்தான் திட்டினார்கள். "அவன் சொல்றது கரெக்டுதானே சார், இன்னா தப்பு?" வெளியூர் ரசிகர்களிலும் நிறையப் பேர் இப்படித்தான் எழுதினார்கள்.

என்ன தப்பு என்று இப்போது சொல்கிறேன்.

சில்வி சின்னப் பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருக்கும்போது டிவிஏ ஆட்கள் வந்து தூக்கிப்போகிறார்கள். அவளுடைய உலகம் கத்தரிக்கப்படுகிறது. பிறகு வளர்ந்து, ஓடி, ஒளிந்து, கடைசியில் பிடிபடுகிறாள். தன்னைத் தூக்கிப்போன அதே ரென்ஸ்லேயரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறாள்: நான் செய்த குற்றம் என்ன? அதற்கு ரென்ஸ்லேயர் சொல்லும் பதில், எனக்கு ஞாபகம் இல்லை. நாலாவது பாகம், சில நொடிகள்தான் வரும். கெங் கோபுரத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர்கள் இதைத் தாண்டிப் போய்விட்டார்கள். இந்தத் தொடரின் வில்லத்தனம் முழுக்க அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அழித்தவனுக்கு யாரை எதற்கு அழித்தோம் என்பதே ஞாபகம் இல்லை. கோப்பு மூடியாகிவிட்டது.

எண்ணூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 1996ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் இருந்தது. பிறகு அலுவலகங்களில் நடமாடிய இன்னொரு வரைபடத்தில் கழிமுகமே காணோம். ஆறு இருக்கிறது, இறால் இருக்கிறது, கையால் தடவி இறால் பிடிக்கிற மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார், வரைபடத்தில் மட்டும் தண்ணீர் இல்லை. 2017 வாக்கில் பத்திரிகைகளில் இது பெரிதாக வந்தது. கோடு போட்டவருக்கு இந்தக் கையைத் தெரியுமா? தெரிந்திருக்காது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், துறைமுகம் வேண்டும், வளர்ச்சிக்கு ஒரே பாதைதான், அதில் உன் குப்பம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்கிற பேச்சுக்கும் புனிதக் காலக்கோட்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாறும் படகும் வலையும் கறுத்துப்போனதே, அப்போதும் மாற்று வழியே கிடையாது என்ற குரல் கேட்டது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் வீட்டிலும் ஃபேன் ஓடுகிறது. என்னைவிட்டால் இதைவிட மோசம்தான் வரும் என்று ஒருவன் சொல்லும்போது, அந்தக் கணக்கைப் போட்டது யார், யாரை விட்டுவிட்டுப் போட்டான் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது என்றுதான் சொல்கிறேன். எஞ்சி நிற்பவன் காட்டும் எதிர்காலத்துக்கு அவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. மெஃபிஸ்டோவுக்கு சாட்சி கேட்ட பசங்கள் இவனிடம் மட்டும் கேட்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். டிவிஏவில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் கத்தரிக்கப்பட்ட காலங்களிலிருந்து தூக்கி வரப்பட்டவர்கள். நினைவை அழித்துச் சீருடை கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலும் ஆற்றை இழந்த வீட்டுப் பையன்தான் அதே சுவருக்குள் ஒப்பந்தக் கூலியாகப் போய் வருகிறான். அவனுக்கு நினைவு இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

காலம் அறிந்த வில்லன் என்பது நமக்குப் புதிதா? கம்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் காலப் பயணம் போகவில்லை, அசரீரி அவனுக்கு எதிர்காலத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. எட்டாவது பிள்ளை உன்னைக் கொல்லும். உடனே தேவகியின் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்தான். ஒழுங்கைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அவனும் சொல்லியிருப்பான். கிருஷ்ண கதை கேட்கும்போது நம்மில் ஒருவராவது கம்சன் சொல்வதும் கரெக்டுதானே என்று சொல்லியிருக்கிறோமா? தொட்டிலில் கிடக்கிற பிள்ளை நமக்குத் தெரிவதால் சொல்லவில்லை. லோகியில் கத்தரிக்கப்பட்ட கிளைகள் ஒரு திரையில் கோடாக மட்டும் தெரிகின்றன. பசங்கள் கோட்டைப் பார்த்தார்கள்.

காங் கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஒருவன் உண்டு. 1963ல் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் ராமா-டுட் என்ற பெயரில், எதிர்காலத்திலிருந்து எகிப்துக்குப் போய் ஆண்ட மன்னனாக முதலில் வந்து, அடுத்த வருஷம் அவெஞ்சர்ஸ் இதழில் காங் என்று வந்தவன், பல பெயர்களில் 60 வருஷமாக வருகிறான். 2005ல் யங் அவெஞ்சர்ஸ் என்ற காமிக்ஸில் அவனுடைய பதினாறு வயதுப் பையன் உருவம் வந்தது, பெயர் அயர்ன் லேட். முதிர்ந்த காங் வந்து, பார், நீ இப்படித்தான் ஆகப்போகிறாய் என்று காட்டுகிறான். பையன் பயந்து, நான் ஆகமாட்டேன் என்று ஓடிவந்துவிடுகிறான். கடைசியில் வரலாறு கெடும் என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர் அறையில் முப்பது வருஷம் நான் எதிர்த்து நின்ற பேச்சு அது. எட்டாவதிலேயே ஒரு பையனைக் காட்டி, இவன் தேறமாட்டான், இவன் துறைமுகத்தில் மூட்டைதான், கவனத்தை அடுத்தவனுக்குக் கொடுங்கள் என்பார்கள். குப்பத்துப் பையன் என்றால் ஆறாவதிலேயே சொல்லிவிடுவார்கள். அந்தப் பையன்களில் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கப்பலில் என்ஜினியர், வணக்கம் தம்பி.

2023 அக்டோபரில் வந்த இரண்டாம் சீசனில் சில்வியைக் கொன்றால் எல்லாம் பழையபடி ஆகும் என்று எஞ்சி நிற்பவன் லோகிக்கு வழி சொல்கிறான். லோகி செய்யவில்லை. கிளைகளை வெட்டுகிற இயந்திரத்தை உடைத்து, எல்லாக் கிளைகளையும் தன் கையில் பிடித்துக்கொண்டு மரம்போல உட்கார்ந்துவிடுகிறான். நான் பசங்களிடம் ரொம்ப ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்த மாதம் ஒரு வேடிக்கை. காங்கை வைத்து இனி பத்துப் படம் வரும் என்று ரசிகர்கள் உலகம் முழுக்க வரைந்து வைத்திருந்த அட்டவணையெல்லாம் டிசம்பர் 18ஆம் தேதி ஒரே நாளில் போயிற்று. அந்த நடிகர் ஒரு தாக்குதல் வழக்கில் குற்றவாளி என்று நியூயார்க் நீதிமன்றத்தில் தீர்ப்பாக, மார்வெல் அவரை நீக்கிவிட்டது. 2024 ஜூலையில் டாக்டர் டூம்தான் அடுத்த வில்லன், ராபர்ட் டவ்னி ஜூனியர் நடிக்கிறார் என்று அறிவித்தார்கள். எந்த யூகத்திலும் இது இல்லை. காலம் முழுக்க அறிந்தவனாக நடித்தவருக்கும் தெரிந்திருக்காது.

இப்போது பசங்கள் டூம் யார், அயர்ன் மேனின் முகம் அவனுக்கு எப்படி வந்தது என்று ஆரம்பித்திருக்கிறார்கள். என்னிடம் மூன்று யூகம் வந்திருக்கிறது. அதில் இரண்டுக்கு சாட்சி போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதை எழுதியவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டும், வரும்போது சில்வி விஷயத்தில் தன் பதிலையும் யோசித்துக்கொண்டு வரட்டும்.