மலைமேல் நின்ற காவல்

சென்ற வாரம் பிள்ளைகளுடன் இராயக்கோட்டை மலைக்குப் போயிருந்தோம். முட்புதர்க் காட்டினூடே ஏறி, இடிந்த மதில்களைத் தாண்டி உச்சியை அடைந்தபோது நமக்கு மூச்சு வாங்கியது, பிள்ளைகளுக்கோ குதூகலம்.

2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் இம்மலை தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. ஒருபுறம் பாராமகால் சமவெளி. மறுபுறம் மைசூர்ப் பீடபூமிக்கு ஏறிச் செல்லும் கணவாய். இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தந்தியும் டெலிபோனும் இல்லாத காலத்தில், தொலைவில் எழும் புழுதியைக் கண்டுதான் படை வருவதை அறிய வேண்டும். இரவில் தெரியும் பாசறை நெருப்பைக் கொண்டுதான் அதன் பலத்தை மதிப்பிட வேண்டும்.

1791 ஜூலையில் மேஜர் கௌடியின் தலைமையில் வந்த கும்பெனிப் படை இக்கோட்டையைப் பிடித்தது. மறு ஆண்டு ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் பாராமகால் திப்பு சுல்தானின் கையை விட்டுப் போயிற்று. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் சேனை இவ்வழியாகவே மைசூருக்குள் புகுந்தது. மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவும் போரில் மாண்டார். மைசூரைக் காக்க நின்ற மலையே மைசூரின் மேல் படையெடுப்பதற்கு வாசலாகிவிட்டது!

இந்தச் சரித்திரத்தைச் சொல்லி முடித்ததும், "இங்கே காவல் நின்றவர்களுடைய பேரெல்லாம் எங்கே, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள்.

நம்மிடம் பதில் இல்லை. கலெக்டர் ரீடின் உதவியாளராகத் தர்மபுரியில் இருந்த தாமஸ் மன்றோ, 1820-இல் சென்னைக் கவர்னரானார். குதிரைமேல் அமர்ந்த அவருடைய சிலை சென்னைத் தீவுத்திடலருகே இன்றும் நிற்கிறது. குடிகளிடம் அன்பு கொண்டவர் என்று பெயரெடுத்தவர். அவருக்குச் சிலை இருப்பது பற்றி நமக்கு வருத்தமில்லை. ஆனால் இம்மலையில் பனியிலும் காற்றிலும் கண் விழித்து நின்ற சிப்பாய்கள் யார்? திப்புவின் படையில் நின்றவர்களும் நம் நாட்டவர். கும்பெனிப் படையில் சம்பளத்துக்கு நின்றவர்களில் பெரும்பாலோரும் நம் நாட்டவரே. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

பெயர்களே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. பாறையிலும் மதிலிலும் கரியாலும் சுண்ணாம்பாலும் எத்தனையோ பெயர்கள்! எல்லாம் நம்மைப் போல் வேடிக்கை பார்க்க வந்தவர்களுடையவை. இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்கள். அரை மணி நேரம் இளைப்பாறியவர்கள் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இடிந்ததையெல்லாம் சிமிட்டி பூசிப் புதிதாக்க வேண்டுமென்று சிலர் சொல்லக்கூடும். அது வேண்டாம். தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோட்டை, இருப்பது குலையாமல் நின்றாலே போதும். நேயர்கள் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று, அங்கே நின்றவர்களின் கதையைச் சொல்லட்டும். கரித்துண்டை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகட்டும்.