பளிச்சுன்னு ஆகணுமா? முதல்ல கூல் ஆகுங்க!

தூத்துக்குடி வெயிலைப் பத்தி உங்களுக்குப் புதுசா சொல்லணுமா என்ன? முத்துநகர் பீச்சுல ஒரு அரட்டை அடிச்சுட்டு வந்து கண்ணாடியைப் பார்த்தா, நெற்றி ஒரு கலர், மூக்கு ஒரு கலர்! மேலே இருந்து வர்ற வெயில் போதாதுன்னு, புற ஊதாக் கதிர்களில் காய்ந்த மணல் சுமார் 15 சதவீதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவீதத்தையும் நம்ம மேலேயே திருப்பி விடுது.

உடனே வைட்டமின் சி சீரம், கிளைகாலிக் ஆசிட், ஸ்கரப்னு எல்லாத்தையும் ஒரே ராத்திரியில பூசினா? மறுநாள் எரிச்சல். நம்மைப் போன்ற மாநிற, கறுப்புச் சருமத்தில் எரிச்சல் வந்த இடம் சுலபமா கருத்துடும். பழைய புள்ளி போகப் பூசினது, புதுப்புள்ளியைக் கொடுத்துட்டுப் போகும்!

நம்ம ஊர் முத்துச்சிப்பி என்ன செய்யுது? உள்ளே புகுந்த உறுத்தலை அடுக்கடுக்கா மூடி அடக்குது. அந்த அடுக்குதான் பளபளப்பு! 1973-ல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கியதும் இதை வெச்சுத்தான். முகத்துக்கும் அதே வரிசை: முதல்ல அமைதி, அப்புறம் பளிச்.

* நியாசினமைடு: வைட்டமின் பி3 குடும்பம். எரிச்சலையும் தணிக்கும், கருமையையும் குறைக்கும். 5 சதவீதமே தாராளம்.
* அசெலாயிக் ஆசிட்: பரு, பரு விட்டுப்போன தழும்புக் கருமை ரெண்டுக்கும்.
* வல்லாரை, அதிமதுரம்: பாட்டி வைத்தியம் இப்போ சீரம் பாட்டில்ல! முன்னது தணிக்க, பின்னது ரெண்டுக்கும்.

காலையில் வைட்டமின் சி, மாய்ஸ்சரைசர், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ராத்திரி நியாசினமைடு, வல்லாரை கலந்த கிரீம். ஒண்ணு பழகி ரெண்டு வாரம் ஆனப்புறம் அடுத்தது. முதல்ல காதுக்குப் பின்னாடி தடவிப் பாருங்க. பலன் தெரிய 2, 3 மாசம் ஆகும். சன்ஸ்கிரீன் இல்லேன்னா மத்ததெல்லாம் வேஸ்ட்!

'ஏழே நாளில் சிவப்பு'ன்னு லேபிள் இல்லாத டப்பா வந்தா? தொடாதீங்க. கேரளாவின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை டாக்டர்கள் பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேர். அதில் குறிப்பிட்ட ஒரு புரதம் காணப்பட்ட 15 பேரில், 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். சந்தேகம், பாதரசத்தின் மேல்! ஸ்டீராய்டு கலந்த கிரீம்களையும் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதுன்னு 2018-லேயே அரசு சொல்லிடுச்சு.

1975-ல் அறிமுகமான பிரபல கிரீமே 2020-ல் தன் பேரிலிருந்து 'ஃபேர்' என்ற வார்த்தையை எடுத்துடுச்சு. நீங்க மட்டும் ஏன் அதையே பிடிச்சுட்டுத் தொங்கணும்? போக வேண்டியது புள்ளிதான் பாஸ், நிறம் இல்லை!