முன்னுருளிக் குடமும் நம் மொழிக் கடனும்

"ஊர்திப் பட்டறைக்கும் தனித்தமிழுக்கும் என்ன உறவு?" என வினவும் அன்பர் உளர். பாட்டரங்கத்தில் தமிழ் வாழ்ந்தால் போதும் என்பது அவர்தம் எண்ணம். கையில் எண்ணெய்க்கறை படிந்த இளைஞன் ஒருவன் தன் தொழிலைத் தன் மொழியில் படித்தறிய இயலாதவரை, நாம் மேடையில் முழங்கும் தமிழ் வெற்றாரவாரமே என்பது என் எண்ணம். அண்மையில் கண்ட நிகழ்ச்சியொன்று இவ்வெண்ணத்தை என்னுள் ஆணியடித்துவிட்டது.

என் பழைய மாணாக்கர் ஒருவர் எம்மூரில் ஊர்திப் பட்டறை நடத்துகின்றார். காய்கறி ஏற்றும் பழைய சிறு சரக்குந்து ஒன்று அவரிடம் வந்தது. விரைந்தோடுங்கால் முன்புறத்தே ஊளை போன்றதோர் ஓசை. வலப்புறம் திரும்பினால் மிகும். இடப்புறம் திரும்பினால் தணியும். "இடது முன் பேரிங்கு போச்சு ஐயா" என்றார் அவர். வலப்புறம் திரும்புகையில் சுமை இடப்பக்கம் சாய்கின்றது. தேய்ந்த தாங்கி அப்பொழுது அலறுகின்றது. பட்டறிவு தந்த இவ்வறிவை நான் வியந்து நின்றேன்.

வேலையைச் செய்தவன் அவரிடம் தொழில் பழகும் பதினெட்டு அகவை இளைஞன். எங்கள் பள்ளியிலேயே பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் பயின்றவன். புதிய தாங்கியைப் பொருத்தி, நடுமரையைத் தன் வலிமையெல்லாம் கூட்டி இறுக்கிவிட்டான். இறுக்கினாலன்றோ உருளி கழலாது என்பது அவன் கருத்து. மறுநாள் விடியலில் சுமையோடு சென்ற வண்டி முப்பது கிலோமீட்டர் போவதற்குள் குடத்தினின்று புகை கிளம்பிற்று. ஓட்டுநர் தீய்ந்த நாற்றம் உணர்ந்து நிறுத்தியதால் உயிர் தப்பினார். தாங்கி நீலம் பாய்ந்து, உருளைகள் இறுகிக் கிடந்தன. இளைஞனின் கூலியில் அவ்விழப்பு பிடிக்கப்பட்டது.

தாங்கி வந்த பெட்டியினுள் ஒரு தாள் இருந்தது. இறுக்குவது எப்படி, பிறகு தளர்த்துவது எவ்வளவு என்பதெல்லாம் அதில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அதை நான் படித்தேன். சொல் விளங்கிற்று, பொருள் விளங்கவில்லை. என் வாய்வழிக் கேட்ட அவ்விளைஞனுக்குப் பொருள் உடனே விளங்கிற்று. "இதைத் தமிழில் எழுதியிருந்தால் நான் கெடுத்திருக்க மாட்டேன் ஐயா" என்றான். அவனுக்கு யாப்பும் அணியும் கற்பித்தவன் நான். தலை குனிந்தேன்.

இத்தகைய செய்திகளைத் தமிழில் கூறச் சொல் இல்லை என்பார்க்கு ஒன்று கூறுவேன். ஆங்கிலேயர்க்கும் இவற்றுக்கெனத் தனிச்சொல் வானினின்று விழவில்லை. 1794ஆம் ஆண்டில் வேல்சு நாட்டுப் பிலிப்பு வாகன் என்பார் குண்டுத் தாங்கிக்கு ஆக்கவுரிமை பெற்றது குதிரைவண்டியின் அச்சுக்காகவே. இன்று சரக்குந்தின் முன்னுருளியில் அமையும் கூம்புருளைத் தாங்கிக்கு 1898இல் அமெரிக்காவில் உரிமை பெற்ற என்றி திம்கன் என்பாரும் வண்டி செய்து விற்றவரே. அச்சு, ஆரம், குடம் ஆகியவற்றுக்குத் தம் மரவண்டியில் வழங்கிய பெயர்களையே அவர்கள் தானியங்கி ஊர்திக்கும் இட்டனர். வண்டி மாறிற்று, சொல் மாறவில்லை.

நம்மிடம் வண்டி இல்லையா? உப்பு வணிகர் தம் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் சென்றதை ஒளவையார் புறநானூற்று 102ஆம் பாட்டில் உவமையாக்கினார். அதற்குச் சேமவச்சு என்று பெயர். கடைத்தெருவில் இன்று 'சுபேர்' என்கின்றோமே, அதற்கு இதனினும் பழைய, இதனினும் அழகிய சொல் எந்த நாட்டில் உண்டு? அச்சு, அச்சாணி, கடையாணி, வட்டை, ஆரக்கால், குடம், மசகு எனத் தச்சரும் வண்டிக்காரரும் வழங்கிய சொற்கள் முழுமையாக இருந்தன. மாட்டுவண்டி போயிற்று, அதனோடு சொல்லையும் சேர்த்து எரித்துவிட்டோம். ஆங்கிலேயன் செய்யாத மடமை இது.

ஆகலின், அவ்வேலையைத் தமிழில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டுவதென யானும் என் மாணாக்கரும் முடிவு செய்தோம். அவர் கூற நான் எழுதினேன். அன்பர்கள் பொறுமையுடன் படிக்க:

வண்டியைச் சமன்தரையில் நிறுத்திப் பின்னுருளிகட்குக் கட்டை கொடுக்க. உருளி மரைகளைத் தரையிலிருக்கும்போதே சற்றுத் தளர்த்துக. பின்னர் உயர்த்தித் தாங்குகால் மேல் நிறுத்துக. தூக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுதல் உயிர்க்கு இறுதி. உருளியின் மேலும் கீழும் பற்றி அசைத்துப் பார்க்க. ஆட்டம் இருப்பின், ஒருவர் நிறுத்துமிதியை அழுத்த மீண்டும் அசைக்க. ஆட்டம் நின்றால் பழுது தாங்கியில், நில்லாவிடின் மூட்டுகளில். இச்சிறு ஆய்வைச் செய்யாமல் நல்ல தாங்கியைக் கழற்றியெறிவார் பலர்.

உருளியைக் கழற்றியபின், வட்டு நிறுத்தியுள்ள வண்டியாயின் அதன் கவ்வியை எடுத்துக் கம்பியாற் கட்டித் தொங்கவிடுக. எண்ணெய்க் குழாயில் தொங்கலாகாது. மூடியைப் பெயர்த்து, ஆணியை நிமிர்த்தி உருவி, மரையையும் வளையத்தகட்டையும் நீக்கிக் குடத்தை இழுக்க. வெளித்தாங்கி கையில் விழும். பின்புறத்து மசகுத் தடுப்பு வளையத்தைப் பெயர்த்தால் உட்டாங்கி வரும். பழைய மசகை முற்றும் துடைத்துக் குழி, கீறல், நீலநிறம் உளவா எனப் பார்க்க. குடத்தினுள் இறுகியிருக்கும் கிண்ணங்களையும் மாற்றல் வேண்டும். பழைய கிண்ணத்தில் புது உருளைகளை இடுதல் காசை மிச்சப்படுத்துவது போலத் தோன்றும். தேய்ந்த கிண்ணம் புதியதையும் விரைவில் தின்றுவிடும். கிண்ணத்தைப் பித்தளைக் கோலால் சுற்றிலும் மாறிமாறி ஒப்பத் தட்டுக. அடியிற் சென்று அமர்ந்ததும் ஓசை மாறும், செவி கூறும்.

மசகைப் புறத்தே பூசினால் போதாது. உள்ளங்கையில் மசகு வைத்துத் தாங்கியின் அகன்ற விளிம்பை அழுத்தியழுத்தி, உருளைகளினூடே மறுபுறம் பிதுங்கும்வரை ஏற்றுக. தடுப்பு வளையம் புதியதே இடுக. குடத்தை அச்சுமுளையில் ஏற்றியபின், அதனைச் சுழற்றிக்கொண்டே மரையை இறுக்குக. உருளைகள் தம் இடத்தில் அமர்வதற்கே இது. பிறகு மரையைத் தளர்த்தி, விரலால் மட்டும் மீண்டும் திருகுக. ஆணித்துளை பொருந்தாவிடின் இறுக்குவதை விடுத்துச் சிறிது தளர்த்துக. பொதுவாக 0.03 முதல் 0.13 மில்லிமீட்டர் வரை குடம் முன்பின் அசைய இடம் வேண்டும். வண்டிக்கு வண்டி அளவு சிறிது வேறுபடும். சூடேறிய இரும்பு விரியும்; விரிய இடமின்றேல் எரியும். பழைய ஆணியை மீண்டும் இடற்க. சிறிது தொலைவு ஓட்டி, இறங்கிக் குடத்தருகே கை வைத்துப் பார்க்க.

இவ்வளவே. இதில் எவ்விடத்தில் தமிழ் தடுக்கிற்று?

"பேரிங்கு என்றால்தானே கடைக்காரனுக்குப் புரியும்?" என்பர். தாங்கியின் முகப்பில் எண் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவ்வெண்ணைக் கூறினால் எந்தக் கடைக்காரரும் எடுத்துத் தருவார். மேலும், 'பேரிங்கு' என்பது நம் இளைஞனுக்கு வெற்றொலி. தாங்கி என்பது அப்பொருளின் பணியையே கூறும் சொல். சுமையைத் தாங்குவது என்று தெரிந்தவன் அதன்மீது சுமையேறும் முறையையும் எண்ணிப்பார்ப்பான்.

நம்மவர் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. தாங்கி என்பதா, ஈழத்துக் கலைச்சொல்லாளர் வழங்கிய போதிகை என்பதா என்று புலவர் இருவர் என் முன்னிலையில் ஒரு மாலை முழுதும் சொற்போர் புரிந்தனர். போதிகை அரிய சொல்லே. கோயில் தூணின் தலையில் நின்று உத்தரத்தைத் தாங்குவது அது. ஆயினும் அவ்விருவரும் ஒரு தாங்கியைக் கையால் தொட்டவர் அல்லர். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தோன்றி நூறாண்டு கடந்துவிட்டது. 2010இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் எந்திரவியல் தமிழ்வழியில் தொடங்கப்பெற்றது; உவந்தோம். அவ்வுவகை பட்டறைத் தரைவரை இறங்கி வரவில்லை. சொற்பட்டி தொகுக்கும் நம் புலவர் ஒவ்வொருவரும் ஒரு கிழமை ஒரு பட்டறையில் அமர்ந்து ஒரு வேலையையேனும் எழுதித் தருதல் வேண்டும். கொல்லர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் என இடத்திற்கா பஞ்சம்?

எங்கள் தாள் இப்பொழுது அப்பட்டறைச் சுவரில் உள்ளது. மரையைப் பூட்டும் ஆணிக்குக் கவராணி என்று நான் பெயரிட்டிருந்தேன். மறுமுறை சென்றபோது அது அடிக்கப்பட்டுக் கடையாணி என எழுதப்பட்டிருந்தது. எழுதியவன் அவ்விளைஞன், அவன் பாட்டனார் வண்டிக்காரராம். வண்டிக் கடையாணி உருளியையே தடுப்பது, இது மரையைத் தடுப்பது என்று விளக்க வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். கடையாணியே இருக்கட்டும். மசகுத் தடுப்பு வளையம் என்பதுதான் நீண்டுவிட்டது. அதற்குச் சிறியதொரு சொல், புனைந்ததாக இல்லாமல் எவ்வூரிலேனும் வாயில் வழங்குவதாகக் கிடைப்பின், அன்பர்கள் இவ்விதழுக்கு எழுதுக.